வெளிக்கு வராதவனும் கெட்டித் தரையும்: கான்டனீஸ் பழமொழி ஒன்றைப் பழகுவதற்கான வழிகாட்டி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் சொல்லும் இடத்தில், ஹாங்காங்கிலும் குவாங்சோவிலும் கான்டனீஸ் பேசுகிறவர்கள் ஏழே அசைகளில் ஒரு பழமொழியை வீசிவிட்டுப் போகிறார்கள். மரியாதையான தமிழில் அதை ‘வெளிக்கு வராதவன் தரை கெட்டி என்று பழி போட்டான்’ என்று சொல்லலாம். மரியாதை குறைந்த தமிழில் அது எப்படி வரும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். மூலத்தில் மறைப்பு எதுவும் கிடையாது. வேலைக்கோ படிப்புக்கோ ஹாங்காங் வந்து, கடைத்தெருவுக்கு வேண்டிய நாலு வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு, அடுத்த கட்டமாக அக்கம்பக்கத்தார் பேச்சைப் பிடிக்க முயலும் தமிழர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சீனர்களிடையே கான்டனீஸ் பரவலாகப் புழங்குவதால், அங்குள்ளவர்களுக்கும் இது பயன்படும்.

நான் இதை முதலில் கேட்டது ஒரு மாஜோங் மேசையருகில். நால்வர் காய்களை வைத்து ஆடும் சீன ஆட்டம் அது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார். அவருடைய பேரன் பள்ளிப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி அவருக்குப் பின்னால் வந்து நின்றான். கான்டனீஸில் ‘புத்தகம்’ என்ற சொல்லும் ‘தோல்வி’ என்ற சொல்லும் ஒரே ஒலி, குரலின் ஏற்ற இறக்கமான தொனியும் ஒன்றே, இரண்டும் ‘ஷ்யூ’தான். ஆகவே ஆடுகிறவர் முதுகுக்குப் பின்னால் புத்தகத்தோடு நிற்பது ஆகாது என்பது அங்கே பழைய நம்பிக்கை. பெரியவர் திரும்பிப் பார்த்துப் பையனைக் கடிந்துகொண்டார். எதிரே அமர்ந்திருந்த அவருடைய மனைவி, காய்களை அடுக்கிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், அந்த ஏழு அசைகளைச் சொன்னார். மேசையில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்கு நடுவில் வந்த ‘ஸீ’ என்ற ஒலி மட்டுமே பிடிபட்டது. ‘விஷயம்’ என்று பொருள்படும் ஸீ போலும் என்று எண்ணிக்கொண்டேன். அது வேறு ஸீ.

முதலில் காது

பழமொழியைத் தமிழ் எழுத்தில் ஏறக்குறைய இப்படி எழுதலாம்: ‘ஓ1 ஸீ2 ம்4 ச்சொத்1 லாய்6 தேய்6 ஙாங்6’. அசைக்குப் பின்னால் உள்ள எண் அதன் தொனியைக் குறிக்கிறது. ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993இல் வகுத்த ‘யுத்பிங்’ என்ற முறையில் கான்டனீஸின் ஆறு தொனிகளுக்கும் இவ்வாறு எண் கொடுத்திருக்கிறார்கள். 1 உயர்ந்து சமமாக நிற்பது. 2 கீழிருந்து மேலே ஏறுவது. 3 நடுவில் சமமாக நிற்பது. 4 அடியில் இன்னும் தாழ்ந்து இறங்குவது. 5 அடியிலிருந்து சற்றே ஏறுவது. 6 தாழ்வாகச் சமமாக நிற்பது.

இவற்றை மனப்பாடம் செய்வதற்கு, உள்ளூர் ஆசிரியர்கள் சொல்லித்தரும் எண் வரிசையைவிட நல்ல வழி இல்லை. கான்டனீஸில் 3, 9, 4, 0, 5, 2 என்று வரிசையாகச் சொன்னால் ஆறு தொனிகளும் ஒன்று முதல் ஆறு வரை முறையாக வந்துவிடும்: ஸாம்1, கவ்2, ஸேய்3, லிங்4, ங்5, யீ6. தினமும் காலையில் பல் துலக்கும்போது பத்து முறை சொல்லிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே பழமொழிக்குத் தாவுகிறவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கு ‘ஸீ’ ஒன்றே போதும். ஸீ1 என்றால் கவிதை. ஸீ3 என்றால் முயன்று பார்த்தல். ஸீ4 என்றால் வேளை. ஸீ5 என்றால் சந்தை. ஸீ6 என்றால் விஷயம். நமக்கு வேண்டிய ஸீ2 மலத்தைக் குறிக்கும். அதே ஸீ2 வரலாற்றையும் குறிக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு வற்றாத சிரிப்பு.

தமிழர்களுக்கு இதில் இரண்டு வசதிகள் உண்டு. சொல்லின் தொடக்கத்தில் நாம் க, த, ப என்று மூச்சு விடாமல் சொல்வதைத்தான் கான்டனீஸும் ஓர் ஒலி வரிசையாக வைத்திருக்கிறது. ஆகவே ‘தேய்6’ என்பதன் முதல் ஒலி நமக்குப் பிறவியிலேயே வந்தது. இரண்டாவது, கடைசி அசையின் ‘ஙா’. அரிச்சுவடியில் எழுதிப் பழகியதோடு நாம் மறந்துபோன அந்த ங வரிசைக்கு இங்கே அன்றாட வேலை இருக்கிறது. கைக்குழந்தை ‘ங்கா’ என்று சொல்லும்போது தொண்டையருகே எழும் ஒலியை அப்படியே எடுத்துக்கொண்டால் ‘ஙாங்’ கச்சிதமாக வரும். இளைய தலைமுறையினரில் பலர் சொல்முதல் ங-வை விட்டுவிட்டு ‘ஆங்’ என்றே சொல்கிறார்கள். அதைச் சோம்பல் ஒலி என்று பெரியவர்கள் குறைப்படுவது உண்டு. இரண்டையும் காது ஏற்றுக்கொள்ள வேண்டும். வாய் ங-வோடு பழகட்டும்.

கடினம் எங்கே என்றால் ‘ச்சொத்1’ என்ற அசையில்தான். தொடக்கத்தில் மூச்சைத் தள்ள வேண்டும். நடுவில் வரும் உயிர் ஒகரமும் இல்லை, உகரமும் இல்லை, இரண்டுக்கும் இடையில் உதட்டைக் குவித்துச் சொல்வது. இறுதியில் உள்ள த் ஒலியை நாக்கால் அடைத்து நிறுத்திவிட வேண்டுமே தவிர ‘த்து’ என்று விடுவிக்கக் கூடாது. நாம் இறுதி மெய்க்குப் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டிப் பழகியவர்கள் என்பதால் இதை உணர்ந்து அடக்க வேண்டியிருக்கும்.

இனி ஏழு அசைகளையும் தொனியோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். முதல் நான்கு அசைகளில் குரல் மேலே நின்று, ஏறி, அடிக்குப் போய், மறுபடியும் மேலே வருகிறது. கடைசி மூன்றும், அதாவது லாய்6 தேய்6 ஙாங்6, ஒரே தாழ்ந்த மட்டத்தில், மூன்று செங்கற்களைத் தரையில் வரிசையாக வைத்ததுபோல விழுகின்றன. பழமொழியின் அடி அங்கேதான் இருக்கிறது. அந்த மூன்றையும் தமிழ்க் கேள்வி வாக்கியத்தைப்போல் மேலே இழுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

பிறகு பொருள்

சொல் சொல்லாகப் பிரித்தால் ‘ஓ1’ என்பது கழித்தல், ‘ஸீ2’ மலம், ‘ம்4’ இல்லை, ‘ச்சொத்1’ வெளியே வருதல், ‘லாய்6’ பழி போடுதல், ‘தேய்6’ தரை, ‘ஙாங்6’ கெட்டியாக இருத்தல். கழிப்பறை கட்டப்படாத, வயல்வெளிக்குப் போய்வந்த காலத்தின் காட்சி இது. வடக்கே மாண்டரின் பேசுகிறவர்கள் இதே ஆளை வைத்துக் கழிப்பறைக் குழியைக் குறைசொல்ல வைக்கிறார்கள். கான்டனீஸ்காரன் திறந்தவெளியில் இருப்பதால் அவனுக்குக் குறைசொல்லத் தரையைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. இல்லை, கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பழமொழிக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு: ‘ஓ1 நியு6 ம்4 ச்சொத்1 லாய்6 ஃபுங்1 மாங்5’, ஒன்றுக்கு வராதவன் காற்று பலம் என்று பழி போட்டான். ஙாங் என்ற ஈறும் மாங் என்ற ஈறும் இயைந்து நிற்பதால் இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது பாட்டுப்போல இருக்கும். ஆனாலும் பேச்சில் முதல் பாதியே போதும். சில வேளைகளில் ‘லாய்6 தேய்6 ஙாங்6’ என்ற வாலை மட்டும் சொல்லி நிறுத்துவார்கள், மீதியைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வார்.

‘லாய்6’ என்ற ஒலிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தன்னையறியாமல் ஆடையிலோ படுக்கையிலோ போய்விடுவதையும் அதே ஒலியில், அதே தொனியில் சொல்வார்கள். கடல் உணவுக் கடைகளில் தொட்டியில் கிடக்கும் ஒருவகை இறாலுக்கு, கையில் எடுத்தால் நீரைப் பீய்ச்சுவதால், ‘லாய்6 நியு6 ஹா1’, அதாவது மூத்திரம் விடும் இறால், என்று பெயர். வெளியே வராதவனைப் பற்றிய பழமொழியின் நடுவில், அடக்க முடியாதவனைக் குறிக்கும் ஒலி உட்கார்ந்திருப்பதைச் சொன்னவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, எனக்கு அது மறக்காமலிருக்க உதவியது.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இன்றைய கான்டனீஸில் ‘வெளியே வரவில்லை’ என்பதை ‘ஓ1 ம்4 ச்சொத்1 ஸீ2’ என்று செயப்படுபொருளைக் கடைசியில் வைத்துச் சொல்வதே இயல்பு. பழமொழியில் செயப்படுபொருள் எதிர்மறைக்கு முன்னால் வருகிறது; அது பழைய வரிசை. நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்த முறைப்படி இதைத் திருத்திச் சொன்னால், ‘ஆடத் தெரியாதவள், கூடம் கோணலாக உள்ளது என்று கூறினாள்’ என்று நம்மிடம் ஒருவர் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தமிழ்ப் பழமொழியில் ஓர் ஆள் இருக்கிறாள். ‘என்றாளாம்’ என்ற ஈற்றில், யாரோ எங்கோ சொன்னதாகக் கேள்விப்பட்ட தூரமும் இருக்கிறது. கேட்பவர் அவள் வேறு, நான் வேறு என்று நழுவிக்கொள்ள இடம் உண்டு. கான்டனீஸ் பழமொழியில் எழுவாயே இல்லை. அவன், இவள், நீ என்ற எதுவும் இல்லாமல் செயல் மட்டும் நிற்பதால், எதிரில் இருப்பவரே அந்த வயல்வெளியில் போய் உட்கார வேண்டியதாகிறது. இதனால்தான் நம் பழமொழியைக் காட்டிலும் இது சுருக்கென்று தைக்கிறது.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

புதிதாகக் கற்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. சாக்குச் சொல்கிற எல்லோர் மீதும் இந்தப் பழமொழியைப் பாய்ச்ச முடியாது. இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, செய்ய முடியாமற்போனதற்குக் காரணம் அந்த ஆளுடைய திறமையின்மை என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். மற்றொன்று, பழி வாய் பேசாத ஒரு பொருள்மீதோ சூழ்நிலைமீதோ போடப்பட்டிருக்க வேண்டும்: காய்கள், நாற்காலி, மழை, மென்பொருள், பேனா. மாஜோங் பெரியவர் இரண்டையும் நிறைவேற்றினார். புத்தகத்துக்கு வாய் இல்லை, பையன் ஒரு சாட்சி மட்டுமே.

தரை உண்மையிலேயே கெட்டியாக இருந்தால் பழமொழி செல்லாது. 2013 ஜூலையில் சோ கோன் போவில் உள்ள ஹாங்காங் அரங்கத்தில் ஆங்கிலேயக் கால்பந்து அணிகள் வந்து ஆடிய போட்டித் தொடரின்போது கனமழை பெய்து ஆடுகளம் சேறாகிப் புல் பெயர்ந்து வந்தது. அன்று தரையைக் குறைசொன்ன ஆட்டக்காரரைப் பார்த்து ‘லாய்6 தேய்6 ஙாங்6’ என்றிருந்தால், சொன்னவருக்குத்தான் ஆட்டம் தெரியாது என்று ஆகியிருக்கும். ஆகவே வாயைத் திறக்கும்முன் தரையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடல்சுரங்கச் சாலையில் நெரிசல் என்று தாமதமாக வருகிறவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்.

பழி ஓர் ஆள்மீது போனால் வேறு சொற்கள் தேவைப்படும். கான்டனீஸில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. நாம் பழியைப் பிறர் தலையில் போடுகிறோம். அவர்கள் முதுகிலும் தோளிலும் வயிற்றிலும் போடுகிறார்கள். ‘ஸெ3 போக்3’ என்றால் தோளைச் சரித்துச் சுமையை நழுவவிடுதல். நாம் பொறுப்பைத் தட்டிக்கழித்தல் என்பது இதுவே. ‘மே1 வோக்6’ என்றால் வாணலியை முதுகில் சுமத்தல். குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொள்வதற்கும், பிள்ளைகள் புத்தகப்பையை மாட்டிக்கொள்வதற்கும் இதே ‘மே1’தான், அந்த இடத்தில் கரிபிடித்த இரும்பு வாணலி ஒன்றை வைத்துப் பாருங்கள், தவறு நேர்ந்துவிட்ட அலுவலகத்தில் நடுவில் நிற்கிறவரின் தோற்றம் கிடைத்துவிடும். பெரிய சிக்கல் வந்தால் ‘தாய்6 வோக்6’, பெரிய வாணலி. நேர்ந்த தவறைச் சரிசெய்வது ‘போவ்2 வோக்6’, வாணலிக்கு ஒட்டுப் போடுதல். செய்யாத குற்றத்தை ஏற்கவேண்டி வந்தவர் ‘ஸிக்6 ஸேய்2 மாவ்1’, செத்த பூனையைத் தின்கிறார். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஸேய்2 கய்1 ச்சாங்1 ஃபான்6 கோய்3’, செத்த கோழி சோற்றுப்பானை மூடியை முட்டுக்கொடுத்து நிற்கிறது என்பது. குற்றம் கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும் விறைத்துக்கொண்டு மறுப்பவரைச் சொல்வது. வெந்துகொண்டிருக்கும் பானைக்குள்ளிருந்து கால் நீட்டி மூடியைத் தூக்கும் கோழியைக் கண்முன் கொண்டுவந்தால் விளக்கம் தேவைப்படாது.

எந்தச் சொல் எங்கே என்று பயிற்சி செய்ய ஓர் உண்மைச் சம்பவத்தை எடுத்துக்கொள்ளலாம். 2015 ஜூலையில் கவுலூனில் உள்ள கய் ச்சிங் என்ற அரசுக் குடியிருப்பின் குடிநீரில், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டி ஈயம் இருப்பது தெரியவந்தது. பின்னர் வேறு குடியிருப்புகளிலும் கண்டுபிடிக்கப்பட்டது. குழாய் இணைப்புகளில் ஈயம் கலந்த பற்றாசைப் பயன்படுத்தியதே காரணம். விசாரணை ஆணையம் 2016இல் அளித்த அறிக்கையில், தொடர்புடைய எல்லாத் தரப்பினரும் சேர்ந்தே தவறியதாகக் கூறியது. இங்கே ‘தரை கெட்டி’ பொருந்துமா? பொருந்தாது; யாரும் குழாயையோ தண்ணீரையோ குறைசொல்லவில்லை. சரிபார்ப்பது அடுத்தவர் வேலை என்று ஒவ்வொரு படியிலும் இருந்துவிட்டால் அது ‘ஸெ3 போக்3’. கடைசிப் படியில் நிற்கும் குழாய்த் தொழிலாளி தலையில் எல்லாம் வந்து விடிந்தால், அவர் தின்பது செத்த பூனை. எல்லோருக்கும் பங்கு உண்டு என்று ஆணையம் சொன்னது வாணலியைத் துண்டு போட்டுக் கொடுத்ததற்குச் சமம்.

யாரிடம் சொல்லலாம்

இந்தப் பழமொழி கொச்சையானது, ஆனால் கெட்ட வார்த்தை ஆகாது. கான்டனீஸில் பேர்போன ஐந்து வசைச் சொற்கள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட இதில் இல்லை. ‘ஓ1’ என்ற வினையை மருத்துவரிடமும் கூசாமல் சொல்லலாம். வயிற்றுப்போக்குக்கு ‘தோவ்5 ஓ1’ என்பதே அன்றாடச் சொல், அதைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. பெற்றோர் பிள்ளைகளிடமும், நண்பர்கள் தமக்குள்ளும், மனைவி கணவரிடமும் இதைத் தாராளமாகச் சொல்கிறார்கள். மேலதிகாரியிடமும், வயதில் மூத்தவரிடமும், முதன்முறை சந்திப்பவரிடமும் சொல்லக் கூடாது. அலுவலகக் கடிதத்தில் இதே கருத்தை எழுத வேண்டி வந்தால் ‘தொய்1 ஸெ3 ஜாக்3 யம்6’, பொறுப்பைத் தள்ளிவிடுதல், என்ற எழுத்து வழக்கு இருக்கிறது; அதன் இரண்டாம் அசை தோளைச் சரிக்கும் அதே ‘ஸெ3’ என்பதைக் கவனித்தால் இரண்டும் சேர்ந்து நினைவில் நிற்கும்.

வெளியூர்க்காரர் வாயிலிருந்து வரும் பழமொழிக்கு எடை கூடிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். உள்ளூர்க்காரர் சொன்னால் கேலியாகப் போவது, நாம் சொன்னால் தீர்ப்பாகத் தோன்றும். அதனால் என் யோசனை, முதல் சில மாதங்களுக்கு இதை உங்கள்மீது மட்டும் பயன்படுத்துங்கள். சாப்குச்சியிலிருந்து மீன் உருண்டை மூன்றாம் முறையாக வழுக்கி விழும்போது, குச்சியைக் குறைசொல்லி முகம் சுளித்துவிட்டு, உடனே நீங்களே ‘ஓ1 ஸீ2 ம்4 ச்சொத்1 லாய்6 தேய்6 ஙாங்6’ என்று சொல்லிக்கொண்டால் மேசையே உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். தொனி தவறியிருந்தாலும் அங்கேயே திருத்திக் கொடுப்பார்கள். காசு கொடுத்தாலும் அப்படியொரு பாடம் கிடைக்காது. அடுத்தபடியாக, அங்கே இல்லாத, யாருக்கும் வருத்தம் தராத ஒருவர்மீது சொல்லிப் பாருங்கள். தோற்ற பிறகு காற்றையும் நடுவரையும் குறைசொல்லும் கால்பந்துப் பயிற்சியாளர்கள் இதற்கென்றே இருக்கிறார்கள்.

சீனரோடு பேசும்போது நம் பழமொழியையும் எடுத்துவிடலாம். மலாய் மொழியிலும் ஆடத் தெரியாதவர் தரை மேடுபள்ளம் என்று சொல்வதாகப் பழமொழி இருக்கிறது. தைவானில் ஹொக்கியன் பேசுகிறவர்களோ படகோட்டத் தெரியாதவன் ஆறு வளைந்திருக்கிறது என்றான் என்பார்கள். ஆட்டம், படகு, வயல்வெளி என்று மூன்றையும் அடுக்கியதும், தங்கள் ஊர்ப் பழமொழிதான் இருப்பதிலேயே அசிங்கமானது என்று ஹாங்காங்காரர்கள் ஒருவகைப் பெருமையோடு ஒப்புக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, யாராவது இதை உங்களிடம் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது. ‘ம்4 க்வான்1 ஙோ5 ஸீ6’, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, என்று பதறி மறுக்காதீர்கள். அது பழமொழியை உறுதிப்படுத்திவிடும், ஸீயின் தொனி நழுவினால் நிலைமை இன்னும் மோசமாகும். மாஜோங் பெரியவர் அன்று செய்ததைச் செய்யலாம். மனைவி சொன்னதைக் கேட்டு அவர் ஒரு கணம் சும்மா இருந்தார். பிறகு அடுத்த காயை எடுத்தபடி, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், ‘ஃபாய்3 தேய்6 ஜன்1 ஹய்6 ஙாங்6 கா3’ என்றார். தரை நிஜமாகவே கெட்டியாகத்தான் இருக்கிறது என்று பொருள். பேரனைக் கூப்பிட்டுப் புத்தகத்தை வாங்கித் தன் நாற்காலியின்மேல் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்.